‘ஆமா, இல்லை’க்கு ஆங்கிலத்தில் ‘எஸ்’ சொல்றீங்களா? ஒரே வார்த்தையில் அர்த்தமே மாறிடும்!

ஆபரேஷனுக்கு முன்னாடி, தமிழ் தெரியாத டாக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கிறார்: "யூ ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின்?"

உங்களுக்கு அலர்ஜி இல்லை. ‘ஆமா, இல்லை’ என்று நினைத்து ‘எஸ்’ என்கிறீர்கள். டாக்டருக்கு அது ‘அலர்ஜி இருக்கு’ என்று புரியலாம். இதுவாவது பரவாயில்லை. அலர்ஜி இருக்கிற ஒருவர், ‘இல்ல டாக்டர், இருக்கு’ என்று நினைத்து வெறும் ‘நோ’ சொல்லிவிட்டால்? அதுதான் ஆபத்து.

குழப்பம் ஏன் வருது?

"நீ சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடல" என்போம். நம்ம ‘ஆமா’, கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது. ஜப்பான், கொரிய மொழிகளிலும் இப்படித்தான். ஆங்கிலம் அப்படி இல்லை. கேள்வி எப்படி இருந்தாலும், உங்கள் பதிலில் ‘நாட்’ வந்தால் ‘நோ’, வராவிட்டால் ‘எஸ்’. அவ்வளவுதான்.

அலர்ஜி இல்லையா? "நோ, ஐ ஆம் நாட்."
இருக்கா? "எஸ், ஐ ஆம்."

‘எனக்கும்’ சொல்வது எப்படி?

"எனக்கு காபி பிடிக்கும்" என்றாலும், "பிடிக்காது" என்றாலும், தமிழில் "எனக்கும்" என்றாலே போதும். ஒரே ‘உம்’ இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழி.

"ஐ லைக் காபி" என்றால் "மீ டூ" சரி. "ஐ டோன்ட் லைக் காபி" என்றால் "மீ டூ" வராது. இப்படிச் சொல்லலாம்:

* மீ நைதர் - நண்பர்களிடம், பேச்சு வழக்கில்
* நைதர் டூ ஐ - இன்டர்வியூ, ஆபீஸிலும் சொல்லலாம்
* ஐ டோன்ட் ஐதர் - எங்கேயும் சொல்லலாம்

‘நைதர்’, ‘நீதர்’ இரண்டு உச்சரிப்பும் சரிதான்.

இதையும் கவனிங்க

எதிரில் இருப்பவர் சொன்ன துணைவினையையே பதிலிலும் சொல்லணும். "ஐ கான்ட் ஸ்விம்" என்றால் "நைதர் கேன் ஐ". "ஐ வாஸன்ட் தேர்" என்றால் "நைதர் வாஸ் ஐ".

பலர் "நைதர் டோன்ட் ஐ" என்று சொல்லிவிடுகிறார்கள். ‘நைதர்’ என்பதிலேயே ‘இல்லை’ இருக்கிறது. இன்னொரு ‘நாட்’ தேவையில்லை. ஆனால் இப்படி ‘ஐதர்’ வந்தால் ‘நாட்’ கட்டாயம்.

அவசரத்தில் மறந்துபோச்சா?

‘எஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுடுங்க. "ஐ ஹாவ் நோ அலர்ஜி", "ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்க. இலக்கணம் கொஞ்சம் தப்பினாலும், விஷயம் தப்பாது.