தண்ணீரால் தளரும் பொற்கோட்டை

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார்ப் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது ஜெய்சல்மேர். ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழை பெய்தாலே நல்ல ஆண்டு என்று கருதும் ஊர். வற்றாத ஆறு இல்லை. பரந்த விளைநிலம் இல்லை. இருந்தும் பல நூற்றாண்டுகள் அது செல்வம் கொழித்த வணிக நகரமாக விளங்கியது. விளைச்சல் அரிதான ஊருக்கு அவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், அங்கு முதன்முதலில் சென்றபோது கோட்டையின் அழகைவிட இந்தக் கேள்வியே என்னை ஈர்த்தது.

பட்டி ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சல், 1156-இல் இந்நகரை நிறுவினார் என்பது மரபு. அதற்கு முன் தலைநகராக இருந்த லொதுர்வா சமவெளியில் இருந்ததால் எளிதில் தாக்குதலுக்கு உள்ளானது. ஆகவே, சுமார் 75 மீட்டர் உயரமுள்ள திரிகூடக் குன்றைத் தேர்ந்தெடுத்து அவர் கோட்டை கட்டினார். 99 கொத்தளங்களுடன் மஞ்சள் மணற்கல்லால் அமைந்த அக்கோட்டை, மாலை வெயிலில் பொன்னாக ஒளிர்வதால் 'பொற்கோட்டை' எனப்படுகிறது.

அந்தக் குன்றின் உண்மையான மதிப்பு அதன் அமைவிடத்தில் இருந்தது. தில்லி, குஜராத் பகுதிகளிலிருந்து சிந்து வழியாக ஆப்கானிஸ்தானத்துக்கும் மத்திய ஆசியாவுக்கும் சென்ற ஒட்டக வணிகக் கூட்டங்கள் இவ்வழியே கடந்தன. பாலைவனத்தில் தண்ணீரும் பாதுகாப்பும் கிடைக்குமிடத்தில்தான் வணிகன் தங்குவான். அவ்விரண்டையும் அளித்த மன்னர், அதற்கு விலையாகச் சுங்கம் பெற்றார். சமண வணிகர்கள் பட்டு, ஜரிகை, அபின் ஆகியவற்றில் ஈட்டிய பொருளைக் கோயில்களாகவும் மாளிகைகளாகவும் மாற்றினர். கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களும், அரிய ஓலைச்சுவடிகளைக் காத்துவரும் ஞான பண்டாரமும் அச்செல்வத்தின் சாட்சிகள். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தம் ஐந்து மகன்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய ஐந்து ஹவேலிகளின் கல் சாளரங்கள், மரத்தில் செதுக்கியவையோ என ஐயுற வைக்கின்றன.

கண்ணுக்கு எளிதில் தென்படாத சாதனை ஒன்றும் உண்டு. அது நீர் மேலாண்மை. 14-ஆம் நூற்றாண்டில் மன்னர் கட்சி சிங் செப்பனிட்டு விரிவாக்கிய கடிசர் ஏரிதான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரின் தாகம் தீர்த்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் 'கடீன்' என்ற முறையைக் கையாண்டனர். பாறைச் சரிவில் வழிந்தோடும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட கரையெழுப்பித் தேக்குவர். நீர் மண்ணில் ஊறிய பின், அந்த ஈரத்தைக் கொண்டே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பர். இன்று ஆளற்றுக் கிடக்கும் குல்தரா அவர்களுடைய ஊர்களுள் ஒன்று. சலீம் சிங் என்ற திவானின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் ஊரைத் துறந்தனர் என்பது கதை. கடும் வரி, நீர்ப்பற்றாக்குறை, வணிகச் சரிவு ஆகியவை சேர்ந்து அவர்களைப் படிப்படியாக வெளியேற்றியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அமைவிடம் தந்த செல்வத்தை அமைவிடமே பறித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து, கடல்வழியும் ரயில்பாதையும் மலிவானபோது ஒட்டகப் பாதைகள் பயனிழந்தன. 1947-இல் எஞ்சியிருந்த சிந்து வழியும் எல்லைக்கோட்டால் அடைபட்டது. வணிகக் குடும்பங்கள் பல வெளியேறின, மாளிகைகள் பூட்டப்பட்டன.

வணிகத்தை முடக்கிய அதே எல்லைதான் பின்னர் நகருக்கு மறுவாழ்வும் தந்தது. 1965, 1971 போர்கள் இப்பகுதியின் ராணுவ முக்கியத்துவத்தை உணர்த்த, சாலைகளும் ரயில்பாதையும் வந்தன. 1971 டிசம்பரில் லோங்கேவாலா சண்டை நடந்ததும், 1974-இல் பொக்ரான் அணு வெடிப்புச் சோதனை நிகழ்ந்ததும் இம்மாவட்டத்தில்தான். அதே 1974-இல் சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படம் வெளிவந்து, வங்காளிகளை இக்கோட்டையை நோக்கி அழைத்து வந்தது. பிறகு வெளிநாட்டினரும் வந்தனர். பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாய், சட்லெஜ், பியாஸ் நதிகளின் நீரைப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இக்கோட்டை வெறும் நினைவுச் சின்னமன்று. இன்றும் சில ஆயிரம் பேர் வாழும் குடியிருப்பு. குன்றின் மணற்கல் அடுக்குகளுக்கிடையே களிமண் அடுக்குகள் உள்ளன. உலர்ந்திருக்கும்வரை அவை உறுதியானவை. ஈரம் ஊறினால் இளகும். ஏரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்த காலத்தில் ஒவ்வொரு துளியும் கணக்கிடப்பட்டது. குழாய் நீர் வந்ததும், வீடுகள் விடுதிகளாயின. குளியலறைகளும் கழிப்பறைகளும் பெருகின. வடிகால் மட்டும் அதற்கேற்ப வளரவில்லை. கசிந்த நீர் குன்றின் அடித்தளத்தில் இறங்கியது. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம், அழிவை எதிர்நோக்கும் மரபுச் சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2013-இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. எனினும், 2024 ஆகஸ்டில் கனமழையின்போது மதிலின் ஒரு பகுதி சரிந்தது.

தண்ணீர்ப் பஞ்சத்தை எட்டு நூற்றாண்டுகள் தாங்கி நின்ற கோட்டை, தண்ணீரின் மிகுதியால் தளர்கிறது. பொருளாதாரத்தில் இதைப் 'பொதுவுடைமையின் அவலம்' என்போம். ஒரு விடுதியில் கூடுதலாக ஒரு குளியலறை கட்டினால் வருவாய் உரிமையாளருக்கு; கசிவின் கேடோ கோட்டை முழுவதற்கும். தனிமனிதருக்கு லாபமாகத் தெரிவது சமூகத்துக்கு நஷ்டமாகிறது. இதில் குடியிருப்போரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. தலைமுறைகளாக வாழும் வீட்டிலிருந்து வருவாய் ஈட்டுவது அவர்களின் உரிமை. எல்லாரையும் வெளியேற்றினால் கோட்டை பிழைக்கலாம். ஆனால், உயிருள்ள கோட்டை என்ற அதன் தனிச்சிறப்பு மறைந்துவிடும்.

நடுவழி இருக்கிறது. கோட்டைக்குள் வீடுகள் இருக்கட்டும். தங்கும் விடுதிகளைப் படிப்படியாகக் கீழ்நகருக்கு மாற்றலாம். அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, பார்வையாளர் கட்டணத்தில் குடியிருப்போருக்கு ஒரு பங்கு அளிக்கலாம். அப்போது கோட்டையைக் காப்பதே அவர்களுக்கு வருவாயாகும். கழிவுநீர்க் குழாய்களின் பராமரிப்பை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, அறிக்கையை மக்கள் முன் வைக்கலாம்.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கோட்டையைப் பகலில் கண்டு, இரவில் கீழே தங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லப்போனால், பொற்கோட்டை பொன்னாக மின்னுவதைக் கோட்டைக்குள்ளிருந்து காண முடியாது. கீழே, கடிசர் ஏரிக்கரையில் நின்றுதான் காண முடியும்.