ரசிகர் பதிந்த கச்சேரிகள்

பெங்களூரில் இராமநவமிக்குப் பானகமும் கோசம்பரியும் எவ்வளவு இன்றியமையாதனவோ, பாட்டுக் கச்சேரியும் அவ்வளவு இன்றியமையாதது. சாமராஜப்பேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலியார் 1939இல் தொடங்கிய இசை விழா, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் வளர்ந்து, தமிழ்நாட்டு வித்வான்கள் பலரும் விரும்பி வந்து பாடும் மேடையாயிற்று. உத்தியோகத்தை நாடி இந்நகருக்குக் குடிவந்த நம்மவர்களுக்கோ, ஊரில் விட்டுவந்த கோயில் திருவிழாவின் ஏக்கத்தை ஒருவாறு தீர்த்து வைத்தது அந்தப் பந்தல். பாயையும் கூஜாவையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சென்று அமர்ந்தவர்கள் பலர். அவர்களிடையே, துணி போர்த்திய கனத்த பெட்டி ஒன்றைக் கைக்குழந்தையைப் போல் சுமந்து வந்து, மேடைக்கருகில் இடம் பிடித்தவர்களும் சிலர் இருந்தனர். அந்தப் பெட்டிதான் டேப் ரிக்கார்டர்.

அவர்கள் ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஆலைப் பொறியாளர்களுமே. இன்று கேட்டதை நாளையும் கேட்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே அவர்களை அந்தச் சுமையைத் தூக்க வைத்தது. அந்த ஆசை இல்லாதிருந்தால் நம் கையில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பமாகும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். கீர்த்தனையைக் கத்தரித்து, ஓட்டமாக ஓடி முடிக்க வேண்டும். நாற்பது நிமிடம் பெருகியோடும் இராக ஆலாபனையை அதில் அடைப்பது, காவிரியைக் கமண்டலத்தில் அடைத்த கதைதான். வானொலியில் பாடினாலோ கடிகாரம் எதிரே நின்றது. ஜி. என். பாலசுப்பிரமணியம் 1965இலும், அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் 1967இலும், மதுரை மணி ஐயர் 1968இலும் மறைந்தனர். ஒரு முழு மாலைப் பொழுதில் அவர்கள் எவ்வாறு பாடினர் என்பதைப் பின்வந்த தலைமுறையினர் அறிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ரசிகர்களின் நாடாக்களைக் கொண்டேயாகும்.

அத்தகைய நாடா ஒன்றை அண்மையில் மல்லேசுவரத்தில் ஓர் அன்பரின் இல்லத்தில் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவருடைய தந்தையார் பதிந்தது. அட்டைப் பெட்டியின் மேல் ‘ஜி. என். பி., கோட்டை மைதானம்’ என்று மட்டும் மசியால் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை, பக்கவாத்தியம் வாசித்தவர் பெயரும் இல்லை. நாடா ஓடத் தொடங்கியதும் முதலில் கேட்டது இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதைப் போன்ற சத்தம். ஒருவர் இருமுகிறார். ஒரு பெண்மணி யாரிடமோ தண்ணீர் கேட்கிறார். குழந்தை ஒன்று அழுது ஓய்கிறது. தம்புரா எங்கோ கிணற்றுக்குள் ஒலிப்பது போலிருக்கிறது. “இதையா பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்?” என்று உடன் வந்த இளைஞர் முகம் சுளித்தார்.

கல்யாணி இராகம் தொடங்கிற்று. ஐந்து நிமிடத்துக்குள் இரைச்சல் நம் செவியை விட்டு அகன்றுவிட்டது. அது நாடாவில் இருந்துகொண்டுதான் இருந்தது. நம் மனந்தான் அதைத் தள்ளி வைத்தது. பாடகர் மேல் ஸ்தாயியில் நின்று, ஒரு பிருகாவை உதிர்த்துவிட்டு, இறங்காமல் மீண்டும் ஏறுகிறார். பந்தலில் “ஆகா!” என்று ஒரு குரல் எழுகிறது, கன்னடத்தில் ஒருவர் “பலே, சென்னாகிதெ!” என்கிறார். அந்த ஆமோதிப்பைக் கேட்ட மாத்திரத்தில் பாடகர் அதே பிடியை இன்னும் ஒரு படி நீட்டுவதைத் தெளிவாக உணரலாம். இசைத்தட்டு நிலையத்தின் மூடிய அறையில் இது நிகழாது. கேட்பவன் பாடுபவனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறான் என்பதற்கு இந்த நாடாவே சான்று. கருவிக்கு அருகில் அமர்ந்து தொடையில் தாளம் போட்ட ஒருவர் மட்டும் இறுதிவரை அரை அட்சரம் பின்தங்கியே வந்தார். அவர் பெயர் பதிவாகாதது அவருடைய நற்பேறு!

ஆலாபனையின் உச்சத்தில் திடீரென்று மௌனம். நாடா தீர்ந்துவிட்டது. ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா கொள்ளும். விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் 32 நிமிடத்தில் முடிந்துவிடும். 3¾ அங்குல வேகமானால் 64 நிமிடம் வரும். ஆனால் நாதத்தின் தெளிவு குறையும். நாடாவின் விலையோ மாதச் சம்பளக்காரருக்கு எளிதன்று. ஆகவே, தெளிவா நீளமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் பணப்பையைப் பார்த்து விடை சொல்லிற்று. பல பழைய பதிவுகளில் தனியாவர்த்தனம் இராது. மிருதங்க வித்வான் தொடங்கியதும் கருவியை நிறுத்தி, பாட்டு மீண்டும் எழும்போது ஓட்டியிருப்பார்கள். இது நமக்கு வருத்தம் தருவதே. ஒரு மிருதங்க வித்வானின் அரைமணி நேரக் கற்பனை, சில அடி நாடாவை மிச்சம் பிடிப்பதற்காகக் காற்றோடு போயிற்று. அந்நாளையச் சிக்கனத்தைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

இந்தப் பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் மெட்ரோபாலிடன் இசை நாடக அரங்கின் நூலகராயிருந்த மேப்பிள்சன் என்பவர், 1901 முதல் 1903 வரை எடிசன் கருவியை அரங்கில் வைத்து, மெழுகு உருளைகளில் பாட்டைப் பிடித்தார். டீன் பெனடெட்டி என்ற ஜாஸ் ரசிகர் 1947, 1948ஆம் ஆண்டுகளில் சார்லி பார்க்கரைப் பின்தொடர்ந்து, அவர் தனித்து வாசிக்கும் பகுதிகளை மட்டும் பதிந்தார். மற்றவர் வாசிக்கும்போது கருவியை நிறுத்திவிட்டார். மிருதங்கத்துக்கு நேர்ந்த கதியே அங்குப் பிறருக்கு நேர்ந்தது. ராக் இசையில் ‘கிரேட்புல் டெட்’ என்னும் அமெரிக்கக் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஒலிவாங்கிகளோடு வரும் ரசிகர்களை விரட்டாமல், 1984இல் அவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினர். பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸும், 2007இல் அயர்ன் மெய்டனும் பாடியதைக் கேட்ட நம் பிள்ளைகளுக்கு, கோட்டை மைதானத்தில் பெட்டி சுமந்த தாத்தாவின் மனம் நாம் சொல்லாமலே விளங்கும்.

வித்வான்கள் இதை எல்லாம் விரும்பினரா என்ற வினா எழுவது நியாயமே. சிலர் மகிழ்ந்து இசைந்தனர். சிலர் கருவியைக் கண்டாலே முகம் வாடினர். பாடுபவருடைய உரிமையை நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை பின்னர் 50 ஆண்டாக நீட்டப்பட்டது. பதிந்தவர் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளவும், உண்மையான கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. பிரதி எடுத்து விற்பது வேறு விஷயம். அதற்கு உரியவர்களின் இசைவு வேண்டும் என்பதே நம் கருத்து.

மல்லேசுவரத்து நாடாவுக்குத் திரும்புவோம். அது எந்த ஆண்டுப் பதிவு? பாடியவர் மறைந்தது 1965 மே மாதத்தில். ஆகையால் அதற்கு முற்பட்டது என்பது மட்டுமே பெட்டியைக் கொண்டு சொல்லக்கூடியது. வயலின் யாருடையது என்பதை வில்லின் நாதத்தால் ஊகிக்க முயன்றோம். மைசூர் சௌடையாவின் ஏழு தந்தி வயலினாயிருந்தால் அதன் தடித்த ஒலியே காட்டிக்கொடுத்துவிடும்; இது அதுவன்று. நாம் இவ்வாறு திகைத்திருக்கையில், அடுத்த அறையிலிருந்து அன்பரின் தாயார், எண்பது கடந்தவர், மெல்ல வந்து நின்றார். “தண்ணீர் கேட்பது என் மாமியார் அல்லவா?” என்றார். அழுத குழந்தை யார் என்பதையும் சொன்னார்; அக்குழந்தை இப்போது பேரன் எடுத்தவர்! அவர் பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்டதில், கச்சேரி 1958 அல்லது 1959இல் நிகழ்ந்தது என்ற முடிவுக்கு வந்தோம். எந்த இசை ஆராய்ச்சியாளரும் சொல்ல முடியாததை அந்த அம்மையார் ஓர் இருமலையும் ஓர் அழுகையையும் கொண்டு சொல்லிவிட்டார். அவரைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கின்றனர்? நாடா அலமாரியில் காத்திருக்கும், அவர்கள் காத்திருப்பார்களா?

இத்தகைய சுருள்கள் நம் அன்பர்களின் பரணிலும் இருக்கக்கூடும். பெட்டியைக் கண்டதும் ஆவலால் பழைய கருவியில் மாட்டி ஓட்டிவிட வேண்டா. புளித்த காடியின் வாடை வீசினால் அது அசிடேட் நாடா, நொறுங்கத் தொடங்கியிருக்கும். அதை அனுபவமுள்ளவர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஒரு பக்கப் பாட்டோடு மற்றொரு பாட்டு தலைகீழாக ஒலித்தால், நாடா பழுதன்று. கருவியின் தலை அந்த நாடாவுக்குப் பொருந்தாதது. வேகத்தையும் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்து ஓடினாலே சுருதி ஒரு ஸ்தானம் ஏறிவிடும். நாம் அறிந்த குரல் வேறொருவர் குரலாகிவிடும். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அடியில் இடைவிடாது ஒலிக்கும் ‘உம்’ என்ற மின்சார ரீங்காரம் நம் நாட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 50 அலைவு கொண்டது. அதை அளந்து, வேகத்தை அதற்கு இசையத் திருத்துகின்றனர். நாம் குறை என்று எண்ணிய இரைச்சலே அங்கு அளவுகோலாகிறது.

சுருள்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைப்பதும், ஈரத்துக்கும் ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் எட்டாமல் வைப்பதும் போதுமான காவல். பெட்டியின் மேல் ஏற்கெனவே உள்ள எழுத்தை அழிக்காமல், தனிச் சீட்டில் ஊர், இடம், பாடியவர், பக்கவாத்தியம், பதிந்தவர் யார், சொன்னவர் யார் என்பவற்றைப் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் வைக்கலாம். தேதி உறுதியாகத் தெரியாவிட்டால், இன்னார் பிறந்த மறு வருடம், இன்ன வீட்டில் குடியிருந்தபோது என்று எழுதினாலும் பயன்படும்.