மீனின் உடம்பிலும் பெரட்டு

சிலாங்கூர் ஆற்றோரத்துப் பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் பெரிய மீனுக்குத்தான் விலை. முகத்துவார உவர்நீரில் வாழும் ஜாவா மெடாக்கா விரல் நீளம்கூட இருக்காது. அதை யாரும் தராசில் வைப்பதில்லை. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோ அதை வளர்த்து, பாதரசமும் காட்மியமும் அதன் முட்டையையும் குஞ்சையும் என்ன செய்கின்றன என்று 2011இல் எழுதினார்கள். நீரின் நஞ்சைக் காட்டிக்கொடுக்க ஏற்ற மீன் அது.

மீனைப் பார்த்து மனித உடம்பைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மறக்காது. விடியலில் கிராணி பேர் கூப்பிடுவார். எல்லார் காதிலும் விழும். பேருக்கு உரியவர்தான் குரல் கொடுப்பார். ஹார்மோன் அப்படிக் கூப்பிடும் பேர். இரத்தத்தோடு உடம்பெங்கும் சுற்றினாலும், அதற்குரிய ஏற்பி என்ற புரதம் உள்ள செல்தான் வேலையைத் தொடங்கும்.

மீனும் நாமும் வம்சம் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பேர்கள் பெரிதாக மாறவில்லை. சால்மன் மீனின் கால்சிடோனின் ஹார்மோன், மனித ஏற்பியை நம்முடைய கால்சிடோனினைவிட வலுவாகப் பற்றிக்கொள்ளும். எலும்புத் தேய்வுக்கு அதை மருந்தாகக் கொடுத்தது அதனால்தான்.

ஆபத்தும் இங்கேதான். கிராணியின் குரலில் வேறொருவர் கூப்பிட்டாலும் ஆள் எழுந்து வந்துவிடுவார். கனடாவில் 2001 முதல் மூன்று கோடைக்காலங்கள், ஓர் ஆய்வு ஏரியில் கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். அங்கே வாழ்ந்த ஒரு சிறுமீன் இனத்தில் ஆண் மீன்களின் ஈரல், பெண் மீனைப் போல முட்டைக்கருப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கியது. அந்த இனமே ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது.

இப்போது ஆய்வுக்கூடங்களில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி விழித்தால் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய வரிக்குதிரை மீன் குஞ்சுகள் இருக்கின்றன. உடம்பு கண்ணாடி போன்றது. எந்த உறுப்பு ஒளிர்கிறது என்று உயிரோடே பார்க்கலாம். அமெரிக்காவில் ஆற்றுநீரில் அவற்றை விட்டுப் பார்த்தபோது, சில மாதிரிகளில் ஈரலைவிட இதய வால்வுகள் அதிகமாக ஒளிர்ந்தன. ஈஸ்ட்ரோஜன் என்றால் கருப்பை, மார்பகம் என்று மட்டும் எண்ணியிருந்தவர்கள் இதயத்தையும் யோசிக்க வேண்டியதாயிற்று. எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

தோட்டத்துக் கால்வாய்களும் கம்பத்துச் சாக்கடைகளும் சிலாங்கூர் ஆற்றில் சேர்ந்து பாசிர் பெனம்பாங்கைத் தாண்டித்தான் கடலுக்குப் போகின்றன. மிஞ்சிய மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.