பிளக் பாயின்ட்டில் தெரியும் நாட்டு நிலவரம்

பெங்களூரில் ஒரு வீட்டு பிளக் பாயின்ட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதிர்வெண் எனப்படும் அந்த 50 ஹெர்ட்ஸ் ஒரு நிமிடம்கூட ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாட்டின் மின் தேவை உற்பத்தியை மிஞ்சினால் மின் நிலையங்களின் டர்பைன்கள் லேசாக வேகம் குறைகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. தேவை குறைந்தால் ஏறுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் 765 கிலோவோல்ட் லைன் இணைத்தது. அதன் பிறகு தென்னிந்தியாவும் மற்றப் பகுதிகளும் ஒரே மின் தொகுப்பு. ஜெயநகரில் அளந்தாலும் ஜெய்ப்பூரில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் கிடைக்கும். நாடு முழுவதையும் பற்றிப் பேசும் இந்த எண்ணை, பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் சாமான்களை வைத்து வீட்டிலேயே நம்பகமாக அளக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: ஒப்பிடும் கடிகாரம் நல்லதாக இருக்க வேண்டும்.

ஒரு 6-0-6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் பிளக் பாயின்ட்டின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருகிறது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணங்களை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் குறித்துக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். விதிமுறை அனுமதிக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 வரை, அதாவது சுற்றின் நேரம் 20.04-லிருந்து 19.98 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். மைக்ரோ செகண்டை எண்ணும் சிப்புக்கு இந்த வித்தியாசம் தாராளம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பலரும் கையில் எடுக்கும் ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டரில் ஓடுகிறது. அது அரை சதவீதம் பிசகலாம். 50-க்கு அது 0.25 ஹெர்ட்ஸ். அனுமதிக்கப்பட்ட மொத்த வரம்பே 0.15 தான். படியே தேய்ந்திருந்தால் அரிசியின் அளவை எப்படி நம்புவது? திரையில் மூன்று தசம இலக்கம் தெரிவதால் மட்டும் அளவு சரியாகிவிடாது. குவார்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள போர்டு பத்து லட்சத்தில் நாற்பது பங்கு பிசகினாலும் பிழை 0.002 ஹெர்ட்ஸ்தான். நொடிக்கொரு துடிப்புத் தரும் ஜிபிஎஸ் மாட்யூலைச் சேர்த்தால் அந்தப் பிழையையும் திருத்திவிடலாம். மிக்ஸி ஓடும்போது அலை கரடுமுரடாகிப் பொய்க் கடப்புகள் பதிவாகும். 50 சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, பொருந்தாதவற்றைத் தள்ளினால் அந்தக் குறையும் அடங்கும்.

தென்மண்டல மின்சுமைக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரிலேயே இருக்கிறது, அது இரவு பகலாக இதைக் கவனிக்கிறது, வீட்டில் வேறு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுமக்கள் தாங்களே சரிபார்க்கக்கூடிய அரசு எண்கள் மிகச் சில, இது அவற்றில் ஒன்று. 2003-ல் தென்மண்டலத்தில் இந்த எண்ணை வைத்தே புதிய கட்டண முறை வந்தது. அதிர்வெண் தாழ்ந்திருக்கும்போது ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் மாநிலம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 49-க்குக் கீழே போவது இங்கே சாதாரணமாக நடந்தது. கோடிக்கணக்கான ரூபாய் இந்த எண்ணைப் பொறுத்துக் கைமாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு பிரதமரின் அழைப்பை ஏற்று நாடெங்கும் 9 நிமிடம் விளக்கணைத்தபோது சுமார் 31,000 மெகாவாட் தேவை சரிந்தது. நீர்மின் நிலையங்களைச் சட்டென்று இறக்கி ஏற்றியதால் அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் நின்றது. வரம்பைத் தாண்டியது, ஆனால் கைமீறவில்லை. அந்த ஏற்ற இறக்கம் அத்தனை வீட்டு பிளக் பாயின்ட்டிலும் இருந்தது.

இந்த அளவீடு எல்லாவற்றையும் சொல்லாது என்பதும் உண்மை. விளக்கு மங்குவது பெரும்பாலும் தெரு டிரான்ஸ்பார்மரின் வோல்டேஜ் பிரச்சினை. அதை அதிர்வெண்ணில் தேடக் கூடாது. கரண்ட் போய் அடுக்ககத்தின் ஜெனரேட்டரோ வீட்டு இன்வெர்ட்டரோ ஓடினால் கருவி அளப்பது அந்த இயந்திரத்தைத்தான். அந்த நேரங்களைப் பதிவில் தனியாகக் குறித்து வையுங்கள். போன் சார்ஜர் டிசி தருவதால் டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக உதவாது. 230 வோல்ட் கம்பியை நேராகப் போர்டில் இணைக்கவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் மெயின்ஸ் பக்கத்தை ஃபியூஸ் போட்டு மூடிய பெட்டிக்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.