சென்னைக்கு வெளியே சொந்த வீடு: விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், நல்ல வாகனம் ஆகிய நான்கையும் மனிதனின் நற்பேறுகளாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டிய செய்தி இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. இந்த நான்கில் மூன்று, நாம் வீடு வாங்க எடுக்கும் ஒரே முடிவில் அடங்கியிருக்கின்றன. ஆனால் பலர் வீட்டை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அண்டை அயலாரும் போக்குவரத்தும் எப்படி என்பது குடியேறிய பிறகுதான் தெரியவருகிறது.

மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களுக்கு, அதே தெருவில் சொந்த வீடு என்பது இன்று எட்டாத விலை. வட்டிக் கடன் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் கையில் உள்ள பணத்துக்குள்தான் வாங்க முடியும். எனவே அவர்கள் இன்னும் தள்ளிப் போகிறார்கள். தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர்; மேற்கே ஆவடி, திருநின்றவூர்; வடக்கே மீஞ்சூர் என்று தேடல் நீள்கிறது. ஹராமைத் தவிர்ப்பதற்காகத் தூரத்தை ஏற்றுக்கொள்வது நல்ல முடிவுதான். அந்தத் தூரம் குடும்பத்திடம் எதைக் கேட்கும் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நேரமும் ஒரு விலையே

இப்போது இருப்பதைவிட ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடுதல் பயணம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 2 மணி நேரம். மாதம் 25 வேலை நாட்கள் என்றால் 50 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரம், அதாவது இரவும் பகலும் சேர்த்து முழுதாக 25 நாட்கள். சதுர அடிக்குக் குறையும் விலையோடு இந்த 25 நாட்களையும் சேர்த்து எடை போடுங்கள்.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மட்டுமே மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகும் ரயில்கள் குறைவு. பாரிமுனையில் கடையை அடைத்துவிட்டு இரவு 9 மணிக்குக் கிளம்புபவர் கூடுவாஞ்சேரியில் இறங்கி வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் இப்படியென்றால், அந்த வீட்டில் தந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் விருந்தாளி.

விளம்பரங்களில் வரும் "ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்பதை நம்ப வேண்டாம். ஒரு வேலை நாளில், நீங்கள் உண்மையாகக் கிளம்பும் நேரத்தில், அந்த மனையிலிருந்து வேலை இடம் வரை போய்வந்து பாருங்கள். நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை கிடைக்கும் என்று கேளுங்கள். கல்லூரிக்குப் போகும் மகளோ வேலைக்குப் போகும் மனைவியோ இருந்தால், இந்தக் கேள்வி அவர்களுக்கே முதலில் பொருந்தும்.

மஃரிப் எங்கே தொழுவீர்கள்?

சென்னையில் நவம்பர் மாதம் மஃரிப் நேரம் மாலை 5.40 அளவில் தொடங்கி 7 மணிக்குள் முடிந்துவிடும். 5.30-க்கு அலுவலகத்தை விட்டு, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வீடு சேர்பவருக்கு அந்த வக்து முழுவதும் நெரிசலான ரயில் பெட்டியிலேயே கழிந்துவிடும். ஜூலையில் மஃரிப் 6.40 அளவில் வருவதால் சிக்கல் தெரியாது. வீடு பார்த்தது கோடையில் என்றால் இது நினைவுக்கே வராது. அலுவலகத்துக்கு அருகில் தொழுதுவிட்டுக் கிளம்ப முடியுமா, அல்லது வழியில் இறங்கித் தொழ இடம் உண்டா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பள்ளிவாசல், மக்தப், மையவாடி

பனூ ஸலமா குலத்தார் தங்கள் தொலைவான வீடுகளை விட்டு மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடியேற விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். பள்ளிக்கு நடந்து வரும் காலடிகளுக்கு நன்மை உண்டு என்று நினைவூட்டினார்கள். மதீனாவின் ஓரப்பகுதி வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை என்றும் புகாரியில் காண்கிறோம். எனவே பள்ளிவாசல் வாசலை ஒட்டி இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதியவர் ஃபஜ்ருக்கு நடந்து போகவும், பத்து வயதுப் பிள்ளை மக்தபுக்குத் தனியாகப் போய்வரவும் முடிகிற தொலைவாக இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு ஜும்ஆவை அங்கே தொழுங்கள். தொழுகை முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேளுங்கள்: புதிதாக வருபவர்களைச் சந்தாதாரர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்களா? நிக்காஹ் பதிவேடு உண்டா? மையவாடி எங்கே, அதில் நமக்கு இடம் உண்டா? புறநகரில் பல இடங்களில் தொழுகைக் கூடம் இருக்கும், மையவாடி இருக்காது. மவுத்து நேரும் நாளில் அலைவதைவிட இன்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்க விதிகளைப் படியுங்கள். குர்பானி, அசைவச் சமையல், விருந்தினர் வருகை பற்றிய கட்டுப்பாடுகளை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மாற்று மத அண்டை வீட்டாரையும் சந்தித்துப் பேசுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையில் மார்க்கம் மதம் பார்ப்பதில்லை. நல்ல அயலார் கிடைத்தால் தெருவில் நம்மவர் குறைவு என்பது பெரிய குறையாகாது.

மழையிலும் கோடையிலும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி பகுதிகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மனை விற்பவரிடம் இதைக் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். மே மாதத்தில் போர்வெல் ஊறுகிறதா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதையும் அவரே சொல்வார்.

பத்திரம்

மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம், பெரிய திட்டமென்றால் ரெரா பதிவு எண், தாய்ப் பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகிய அனைத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்த நிலமா என்று வருவாய்த் துறைப் பதிவுகளில் பாருங்கள். வக்ஃபு நிலம் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை விற்பதைச் சட்டமே தடை செய்கிறது.

விற்பவருக்குத் தந்தை வழியில் வந்த சொத்து என்றால், சகோதரிகள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். பங்கு தராமல் விடப்பட்ட ஒரு சகோதரியின் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். அதைவிட, பிறர் நிலத்தில் ஒரு சாண் அநியாயமாக எடுத்தவருக்கு உள்ள கடுமையான எச்சரிக்கையை நாம் அறிவோம்.

பணக் கணக்கில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு அது மட்டுமே 3,60,000 ரூபாய். கடைசி நேரத்தில் இந்தத் தொகைக்காகவே வட்டிக்குக் கை நீட்டியவர்கள் உண்டு.

பெரிய வீடா, அருகில் வீடா?

ஒரே தொகைக்குத் தூரத்தில் மூன்று படுக்கையறை வீடும், நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடும் கிடைத்தால், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவதே மேல். விசாலம் என்பது சதுர அடியில் மட்டும் இல்லை. மாலையில் எல்லோரும் சேர்ந்து இருக்கும் வீட்டிலும் அது உண்டு. முடிவு செய்ய முடியவில்லையா? அதே பகுதியில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு ரமளானும் கடந்தால் அந்த ஊர் உங்களுக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். பிறகு இஸ்திகாரா செய்து, குடும்பத்தாரோடு மஷூரா செய்து முடிவெடுங்கள்.

ஹலாலான பணத்தில், நல்ல அயலாரோடு, பரக்கத் நிறைந்த இல்லத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.