விண்டோஸ் 11-க்கு மாறியதும் லேப்டாப் திணறுகிறதா? 'பிராசஸர் போச்சு' என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"அப்டேட் போட்டதுல இருந்தே இப்படித்தாங்க. ஒரு ஃபைலைக் கிளிக் பண்ணிட்டு டீ குடிச்சிட்டே வந்துடலாம்."

லேப்டாப் சர்வீஸ் கடைகளுக்கு இது பழகிய புகார்தான். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனால் பழைய லேப்டாப் வைத்திருந்த பலரும் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய நிலை வந்தது. மாறிய பிறகு மெஷின் ஆமை வேகத்தில் நகர்ந்தால், கடையில் கிடைக்கும் பதில் சில நேரம் ஒரே வரிதான்: "பிராசஸர் வீக் ஆயிடுச்சு, புதுசு பாருங்க."

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையில், செக்போஸ்ட்டை ஒட்டி இருக்கும் கோவிந்தாபுரம் போன்ற ஊரில் நீங்கள் இருந்தால், நல்ல சர்வீஸ் சென்டருக்குப் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் வேலையும் போய், கடைசியில் புது லேப்டாப் செலவும் தலையில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் பட்ஜெட்டே ஆடிவிடும்.

அதனால் கிளம்பும் முன், காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகளை இங்கே பார்க்கலாம்.

பிராசஸர் உண்மையிலேயே 'வீக்' ஆகுமா?

மோட்டார் தேய்வது போலவோ பேட்டரி இறங்குவது போலவோ பிராசஸர் மெல்ல மெல்ல வேகம் குறைந்து போகும் பொருள் அல்ல. பொதுவாக அது ஓடும், இல்லையென்றால் கோளாறாகி நின்றுவிடும். நேற்று வரை ஓடிய லேப்டாப் அப்டேட்டுக்குப் பிறகு திணறினால், பெரும்பாலும் கீழே உள்ள நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பின்னணியில் வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கோ ரேமோ ஈடுகொடுக்க முடியாமல் பிராசஸர் காத்திருக்கலாம். வெப்பம், சார்ஜர், பவர் செட்டிங் என ஏதோ ஒன்று பிராசஸரைப் பிடித்துவைத்திருக்கலாம். அல்லது புதிய சிஸ்டத்திலேயே குறை இருக்கலாம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

விண்டோஸ் 11-க்கு மாறிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போகும் வசதி உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' பட்டன் இருக்கும். 10 நாள் கடந்துவிட்டால் பழைய கோப்புகள் தானாக அழிக்கப்படும், பட்டனும் வேலை செய்யாது. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி 'பழைய விண்டோஸ்' கோப்புகளை அழித்தாலும் இதே கதிதான். எனவே எத்தனை நாள் பாக்கி என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். திரும்பிப் போவதானாலும், முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டே போங்கள்.

விண்டோஸ் 10-க்குத் திரும்பினால் பாதுகாப்பு என்னாகும் என்ற கேள்வி வரும். தனிநபர் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டு நாள் பொறுங்கள், ஆனால் சும்மா பொறுக்காதீர்கள்

சிஸ்டம் மாறியதும் விண்டோஸ் உங்கள் கோப்புகளையெல்லாம் தேடலுக்காகப் புதிதாக அட்டவணை போடும். வைரஸ் ஸ்கேன் ஓடும். ட்ரைவர்கள், சின்னச் சின்ன அப்டேட்கள் இறங்கும். ஒன்டிரைவ் ஃபைல்களை ஒத்திசைக்கும். இவை முடியும் வரை மெஷின் கனமாகத்தான் இருக்கும். சார்ஜரில் போட்டு, நெட்டில் இணைத்து, ஸ்லீப் ஆகாமல் ஓரிரு இரவுகள் விட்டுவிடுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நெட் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேட்டாவை மிச்சப்படுத்த 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்திருந்தால், விண்டோஸ் ட்ரைவர்களை இறக்காமல் விட்டுவிடக்கூடும். அப்போது புதிய சிஸ்டம் பழைய ட்ரைவருடன் அரைகுறையாக ஓடும். ஒரு நாளைக்காவது அதை ஆஃப் செய்துவிட்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் எல்லாம் இறங்கி முடிந்ததா என்று பாருங்கள்.

பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருக்கும் மெஷினில் ஷட் டவுன் முழுமையாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் கதை

இரண்டு நாள் கழித்தும் திணறினால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது பார்க்காமல், வழக்கமாகத் திணறும் வேலையைச் செய்துகொண்டே பாருங்கள்.

சிபியு 90, 100 சதவீதத்தில் நிற்கிறதா? பிராசஸஸ் பகுதியில் எந்த ப்ரோகிராம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடுவது, பழைய பிரின்டர் மென்பொருள் புதிய விண்டோஸோடு ஒத்துப்போகாமல் சுற்றிச் சுற்றி ஓடுவது என்று காரணம் அங்கேயே தெரியலாம். தேவையில்லாததை நீக்குங்கள்.

சிபியு குறைவாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் பிராசஸர் சும்மா காத்திருக்கிறது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்களில் இது சாதாரணம். அதை எஸ்எஸ்டி-யாக மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் உடனே தெரியும். செலவும் புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் போதும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. ஆனால் பிரவுசரில் நான்கைந்து டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு என்று திறந்தாலே 4 ஜிபி திணறிவிடும். ரேம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், சேர்க்க முடியாது.

இவை எதுவும் இல்லையென்றால் 'ஸ்பீட்', 'பேஸ் ஸ்பீட்' என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். வேலை இல்லாதபோது ஸ்பீட் குறைவது இயல்பு. ஆனால் கனமான வேலை ஓடும்போதும் அது பேஸ் ஸ்பீடுக்கு வெகு கீழே, உதாரணமாக 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஆணி அடித்தது போல நின்றால், பிராசஸரை ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

யார் பிடித்துவைக்கிறார்கள்?

முதல் சந்தேகம் பவர் செட்டிங். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய் பவர் மோடைப் பாருங்கள். மிச்சப்படுத்தும் நிலையில் இருந்தால் 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' ஆக்கிப் பாருங்கள். லேப்டாப் கம்பெனியின் சொந்த மென்பொருளில் 'சைலன்ட்', 'ஈகோ' போன்ற தனி மோட் இருக்கும், அதையும் பாருங்கள்.

இரண்டாவது சார்ஜர். ஒரிஜினல் போய் டூப்ளிகேட் சார்ஜர் வாங்கியிருந்தால் கவனியுங்கள். சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் சில லேப்டாப்கள் பாதுகாப்புக்காகப் பிராசஸர் வேகத்தைக் கட்டிப்போடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் சட்டென்று ஏறினால் விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது வெப்பம். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அறையே அப்படிக் கொதிக்கும்போது, ஃபேனில் தூசி அடைத்த லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்று போகும் வழியும் அடைபடும். காலையில் குளிர்ந்த நேரத்தில் நன்றாக ஓடி, மதியம் திணறினால் சந்தேகமே வேண்டாம். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும். அப்டேட் வந்த வாரமும் வெயில் ஏறிய வாரமும் ஒன்றாக இருந்ததால் பழி அப்டேட் மேல் விழுந்திருக்கலாம்.

நான்காவது பயாஸ், சிப்செட் ட்ரைவர். உங்கள் மாடலுக்கான பக்கத்தில், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டுமே இவற்றை இறக்குங்கள். பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கர் ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எழுதி வையுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அப்டேட் முடிந்ததும் அதைக் கேட்கலாம். கீ இல்லையென்றால் கோப்புகளைத் திரும்பப் பெற முடியாது.

சிஸ்டமே தப்பு செய்த கதையும் உண்டு

'எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஸ்லோ' என்பது கற்பனை அல்ல. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வெளியானது. அடுத்த நாளே, சில ஏஎம்டி பிராசஸர்கள் இதில் மெதுவாக ஓடுகின்றன என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

நடந்தது இதுதான். அடிக்கடி தேவைப்படும் தகவலை பிராசஸர் தனக்குள்ளேயே கேஷ் என்ற சிறு இடத்தில் வைத்துக்கொள்ளும். மளிகைக்கடைக்காரர் அதிகம் விற்கும் பொருளைக் கைக்கெட்டும் ரேக்கில் வைப்பது போல. விண்டோஸ் 11-இல் இந்த மூன்றாம் நிலை கேஷிலிருந்து தகவல் எடுக்கும் தாமதம் சுமார் மூன்று மடங்கு வரை கூடியது. அதோடு, வேகமான கோருக்கு வேலையை அனுப்பும் ஏற்பாடும் சில மெஷின்களில் சரியாக இயங்கவில்லை. பாதிக்கப்பட்ட ஆப்களில் 3 முதல் 5 சதவீதம், சில கேம்களில் 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்றது ஏஎம்டி.

அக்டோபர் 21-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட்டின் கேபி5006746 என்ற அப்டேட்டும், ஏஎம்டியின் புதிய சிப்செட் ட்ரைவரும் இதைச் சரி செய்தன. யாரும் பிராசஸரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. விண்டோஸுக்கு மட்டும் நடப்பதும் அல்ல இது. 2018 ஜூலையில் ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோ மாடல்கள் சூடாகி வேகம் குறைந்தபோது, ஃபர்ம்வேரில் விடுபட்ட ஒரு டிஜிட்டல் கீதான் காரணம் என்று தெரிந்தது. அதுவும் அப்டேட்டிலேயே சரியானது.

'பைபாஸ்' போட்டு ஏற்றினால்?

விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வ பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை காலத்திலிருந்தும் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மெஷின்களில் சோதனையைத் தாண்டி 'பைபாஸ்' முறையில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. இதில்தான் சிக்கல் அதிகம்.

விண்டோஸ் 11-இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது. புதிய பிராசஸர்களில் இதற்கு உதவும் அம்சம் சிப்பிலேயே உண்டு. இன்டெல் 6-ஆம் தலைமுறை, அதற்கு முந்தையவற்றில் அது கிடையாது. அந்த வேலையை மென்பொருளே செய்ய வேண்டியிருப்பதால் வேகம் கூடுதலாகக் குறையும். விண்டோஸ் செக்யூரிட்டியில், டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் பகுதியில் இதைப் பார்க்கலாம். சோதனைக்காக அணைத்துப் பார்ப்பது ஒன்று, அப்படியே விட்டுவிடுவது வேறு. அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை பார்ப்பவர் என்றால் அணைத்து வைக்காதீர்கள். மேலும், பட்டியலில் இல்லாத மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா?

வேண்டியதில்லை. கேரள அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஐடி பாடம் நடப்பதே லினக்ஸில்தான். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிஸ்டத்தைக் கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கு இலவசமாகத் தருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்றிய லேப்டாப்கள் தரப்பட்டன.

விண்டோஸ் 11 தாங்காத மெஷினில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பாடம், பிரவுசர், லெட்டர் டைப்பிங் போன்ற வேலைகளுக்குப் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் தேவைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

கடைக்குப் போகும்போது

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போங்கள். திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜர் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடல், பிராசஸர் பெயர், ரேம் அளவு, டிஸ்க் வகை ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். ஒரிஜினல் சார்ஜர் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

யாராவது "பிராசஸர் போச்சு" என்றால், "எந்த எண்ணைப் பார்த்து சொல்றீங்க?" என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். டிஸ்க், ரேம், சூடு, சார்ஜர் இந்த நான்கையும் பார்த்த பிறகு வரும் பதிலுக்கே பணம் எடுங்கள்.