கை ஓங்காத போர்

இருவர் வேடம் கட்டிக்கொண்டு களத்தில் எதிரெதிரே நின்று, ஒருவர்மேல் ஒருவர் கை வைக்காமல், பாட்டாலும் பேச்சாலும் மட்டுமே மோதிக்கொள்வதைத் தெருக்கூத்தில் தர்க்கம் என்பார்கள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும், அவற்றோடு பின்னிக் கிடக்கும் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களிலும், திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்துக்கு உயிர்நாடி இதுதான். வில்லும் கதாயுதமும் கையில் இருந்தாலும், அம்பு பாயும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன் நடக்கும் வாய்ப்போர் மணிக்கணக்கில் நீளும். ஊர்ச் சனம் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பதும் அதைக் கேட்கத்தான்.

வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் சங்கராபரணி, செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கிறது. செஞ்சியாறு என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயில் என்று பக்தர்கள் சொல்லும் மேலச்சேரியும் செஞ்சியை அடுத்தே இருக்கிறது. இந்த வழிபாட்டைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல், 1988இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் செஞ்சி வட்டாரத்தையே அதன் மையமாகக் கொண்டார். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர்களைக் கூறுபோட்டு ஆண்ட மண் இது. ஆனால் ஆட்சி எல்லை எதுவானாலும் இரு பக்கத்து ஊர்களிலும் விழாவும் கதையும் கூத்தும் ஒன்றுதான். பகலில் பாரதம் படிப்பவர் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அன்றைய கதை ராத்திரியில் வேடம் கட்டிக்கொண்டு களத்துக்கு வரும்.

வேடதாரி நேராகச் சண்டைக்கு இறங்குவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று முதலில் பாடுவான்; கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் எதிரே வந்து, யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர் என்று கேட்பான். அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத் தன் பிறப்பு, பெருமை, பகை எல்லாவற்றையும் வேடதாரி தானே எடுத்துச் சொல்வான். இவ்வளவும் முடிந்த பிறகே எதிராளி வருவான். ஒருவன் தரு என்னும் பாட்டின் ஓர் அடியைப் பாடினால், மற்றவன் அதே மெட்டில், அதே தாளத்தில் பதிலடி பாட வேண்டும். மெட்டை மாற்றித் தப்பிக்க வழியில்லை. பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடும் அந்தச் சில நொடிகள்தான் பதில் யோசிக்கக் கிடைக்கும் அவகாசம். பாட்டுக்கு நடுவே வசனம் வரும். பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது, மாறாது. வசனமோ ஆளுக்கு ஆள், இரவுக்கு இரவு மாறும். ஆட்டக்காரனின் சரக்கு வெளிப்படுவது அங்கேதான். தர்க்கம் தொய்ந்தால் கட்டியக்காரன் நடுவில் புகுந்து, அஸ்தினாபுரத்து வழக்கை உள்ளூர்ப் பேச்சுக்கு இறக்கிச் சூடேற்றிவிடுவான்.

தர்க்கத்தின் முழு வலுவையும் பார்க்க விரும்புகிறவர்கள் கர்ண மோட்சத்தைப் பார்க்க வேண்டும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்தக் கூத்தை ஹன்னே டி புரூயின் ஆங்கிலத்தில் பெயர்க்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1998இல் நூலாக வெளியிட்டது. பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அரசன் மகளான அவள், தேரோட்டி வளர்த்தவன் என்று அவனை இளப்பமாகப் பேசுகிறாள். இவன் கொடையைச் சொன்னால் அவள் குலத்தைச் சொல்கிறாள். இவன் வீரத்தைச் சொன்னால் அவள் பெற்றவள் யாரென்று கேட்கிறாள். அண்டசராசரமும் நடுங்கும் வில்லாளிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. தர்க்கத்தை அத்தனை நேரம் தாங்குவது அந்த அடக்கம்தான். கடைசியில் குந்தி மகன் என்பதை அவன் சொல்லும்போது பொன்னுருவியின் வாதம் அழுகையாக மாறுகிறது. போர்க்களத்தில் அர்ச்சுனன் அம்பு செய்வதைவிடப் பெரிய காயம் இங்கேயே பட்டுவிடுகிறது. மரபுப்படி இரண்டு வேடத்தையும் கட்டுபவர்கள் ஆண்கள்தான். பொன்னுருவி கட்டுபவருக்குக் கர்ணனுக்கு நிகரான நாவன்மை இல்லையென்றால் கூத்தே விழுந்துவிடும்.

முடிவு எல்லாருக்கும் முன்பே தெரிந்த போர் இது. கர்ணன் சாவான், துரியோதனன் தொடை முறியும், இதை எந்த ஆட்டக்காரனும் மாற்ற முடியாது. அதனால் யார் வென்றார் என்று எவரும் கேட்பதில்லை; எப்படிப் பதில் சொன்னான் என்றே கேட்கிறார்கள். இந்த ஆட்டத்தின் நுட்பமான நெறியும் இதிலிருந்தே வருகிறது. தாக்குவது ஒருவன் உரிமை. அடி எப்படி விழுந்தது என்று காட்டுவது அடிபட்டவன் உரிமை. எதிராளி வாயடைத்துப்போனதாக நானே சொல்லிக்கொண்டால் அது தர்க்கம் ஆகாது.

இதே நெறியைக் கடல் கடந்த இன்னொரு ஆட்டத்திலும் காணலாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, வேடம் ஏற்று வாய்ப்பேச்சால் ஆடும் விளையாட்டைப் பரப்பியது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’, அதைக் கணினியில் எழுத்து மட்டுமே கொண்ட ஆட்டமாக ஆக்கியது. பின்னாளில் எழுத்தாலேயே மாறிமாறிப் போரிடுபவர்களிடம் ஒரு கட்டுப்பாடு வேரூன்றியது: வாளை வீசினேன் என்று எழுதலாம், உன் தலை உருண்டது என்று எழுதக் கூடாது. வெட்டு விழுந்ததா, விலகினேனா என்பதை எதிராளிதான் எழுத வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரு உலகங்கள் ஒரே நியாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் விடாத போரில் ஆட்டம் இருக்காது என்பது இரு தரப்புக்கும் புரிந்திருக்கிறது.

ஒத்திகையே பார்க்காதவர்களுக்கு இடையில் உடனுக்குடன் பதில் சொல்லும் இந்தத் திறமை இன்னும் கடுமையாகச் சோதிக்கப்படும். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றிரவுதான் சந்தித்து, ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியும் நாரதருமாகத் தர்க்கம் செய்வார்கள். அந்த நாடக மரபுக்கு ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பாரதக் கூத்தில் தர்க்கத்தின் நெறி உடைகிற இடம் ஒன்று உண்டு: துகிலுரிதல். தன்னையே முதலில் தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி சபையைக் கேட்கிறாள். பீஷ்மரும் துரோணரும் தலைகுனிகிறார்கள். துரியோதனன் தம்பியரில் விகர்ணன் ஒருவன்தான் வாய் திறக்கிறான். தர்க்கத்தில் அவள் வென்றாயிற்று. பதில் இல்லாத துச்சாதனன் கை நீட்டுகிறான். அந்தக் கை நீளும் முன், கூத்து அப்படியே நிற்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேடத்தில் அம்மனையே கண்டு விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகே சேலையைத் தொடுவார். அந்த வேளையில் ஆட்டக்காரர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் ஆவேசம் வருவதும் உண்டு. சொல்லோடு நின்ற போர் உடம்புக்கு வரும்போது அதைப் பாவமாகவே கருதி, சடங்கு செய்து கடக்கிறது இந்த மரபு.

சபையில் திரௌபதி விரித்த கூந்தல் முடியப்படுவது பதினெட்டாம் போரில். கூத்து ராத்திரிக் களத்தை விட்டுக் காலை வெயிலில் படுகளத்துக்கு வரும். மல்லாந்து கிடக்கும் துரியோதனனாகப் பெரிய மண்ணுருவம் ஒன்றைச் செய்து, வண்ணம் தீட்டி, தொடையில் ரத்தமாகச் செந்நீர் வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடியும் அதன்மேல் ஏறியும் கடைசித் தர்க்கத்தை நடத்துவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் செந்நீரைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தல் முடியப்படும். சாயங்காலம் தீமிதி. அதன் பிறகு தருமர் பட்டாபிஷேகத்தோடு விழா நிறைவுறும்.